எட்டு மாதமாகப் படர்தாமரை: தடவினால் அடங்குகிறது, விட்டால் இரட்டிப்பாக வருகிறது

1. கட்டிங்மாஸ்டர் (திருப்பூர்)

வணக்கம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நாள் முழுக்க நின்றபடி வேலை, தகரக் கூரை, ஓயாத வேர்வை. போன ஆடியில் வலது தொடை இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒன்று வந்தது. ஓரம் தடித்திருந்தது, நடுவில் சாதாரணத் தோல். படர்தாமரை என்று எனக்கே தெரிந்தது. மருந்துக்கடையில் சொன்னேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே ஊறல் நின்றது. நாலாம் நாள் பார்த்தால் இருந்த இடமே தெரியவில்லை. சரி, தீர்ந்தது என்று விட்டேன். பத்து நாளில் அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது.

அன்றிலிருந்து இதே கதைதான். இதுவரை பதினொரு டியூப் ஆகிவிட்டது. இப்போது இரண்டு தொடையிலும், இடுப்பைச் சுற்றியும், முதுகிலும் இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாக வருகிறது. மனைவிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வந்துவிட்டது. ஆறு வயது மகனுக்கு நெஞ்சில் ஒன்று. அதோடு என் தொடையில் பிள்ளை பெற்ற பெண்களின் வயிற்றில் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வரிகள் விழுந்திருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

டியூபில் போட்டிருப்பது: க்ளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன்.

ரத்தம் கெட்டுப்போனதுதான் காரணம் என்கிறார் என் மாமியார். கத்தரிக்காய், கருவாடு, கோழி எல்லாவற்றையும் இரண்டு மாதமாக நிறுத்திப் பார்த்தேன். நாக்கு செத்ததுதான் மிச்சம். யாராவது சொல்லுங்கள்.

2. நிலாமுற்றம்

எங்கள் வீட்டிலும் இதேதான். பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

3. தோல்பிரிவு_பிஜி

தோல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். உங்கள் தோலைப் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை எங்கள் ஓ.பி.யில் தினமும் கேட்கிறேன். வரி விழுந்தது வரை அப்படியே.

படர்தாமரை ஒரு பூஞ்சை. மயிர், நகம், தோலின் மேலடுக்கு மூன்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதுதான் இதற்குச் சாப்பாடு. இருக்கிற இடத்தைத் தின்றுவிட்டு வெளியே நகர்ந்துகொண்டே போவதால்தான் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துத் தெரிகிறது. ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இப்போது அந்த டியூப். நீங்கள் எழுதிய நாலு பெயரில் பூஞ்சையைக் கொல்வது கடைசியில் இருக்கும் டெர்பினஃபைன் மட்டும். நடுவில் உள்ள இரண்டும் பாக்டீரியா, அமீபா போன்றவற்றுக்கானவை. உங்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. முதலில் இருக்கும் க்ளோபெட்டசால்தான் ஆள். அது ஸ்டீராய்டு. வெளியே தடவும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகையைச் சேர்ந்தது.

ஊறல், சிவப்பு, தடிப்பு எல்லாம் பூஞ்சையை விரட்ட உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். நாய் குரைப்பதை நிறுத்தியதும் திருடன் போய்விட்டான் என்று நினைத்துத் தூங்கப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். தடவுவதை நிறுத்தியதும் உடம்பு விழித்துப் பார்க்கும், அதற்குள் நாலு மடங்கு இடம் போயிருக்கும். வட்டத்துக்குள் வட்டம் வருவதும் ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் அடையாளம்.

வரிகளைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மடிப்பு வேறு. மருந்து உள்ளே அதிகமாக இறங்கும். அடித்தோல் நைந்து வரி விழும். அது நாளடைவில் மங்கலாம், முழுதாகப் போகாது.

டியூபை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் பையனையும் கூட்டிப் போங்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் எடுக்காவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

4. முனீஸ்

டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை என்று இரண்டாயிரம் ஆகிவிடும் தம்பி. அதனால்தான் ஜனங்கள் கடைக்குப் போகிறார்கள். அதையும் எழுதுங்கள்.

5. தோல்பிரிவு_பிஜி

@முனீஸ் நியாயம்தான் அண்ணா. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. காசு இல்லை, காலை நேரம்தான் போகும். பதினொரு டியூப் என்ன விலை ஆகியிருக்கும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

6. கவுண்ட்டருக்கு_உள்ளே

நான் மருந்துக்கடையில் பதினாலு வருஷமாக நிற்கிறேன். ஊர் வேண்டாம். இந்த இழையில் எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

இந்த க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு கட்டாயம் என்று ஆக்கியது. அதற்கு முன்னால் அட்டவணை எச்-சில், அதாவது சீட்டு கட்டாயமான மருந்துகளின் பட்டியலில், ஒரு ஓட்டை இருந்தது. வெளியே தடவும் மருந்துகளுக்கு விலக்கு என்று போட்டு வைத்திருந்தார்கள். தோல் மருத்துவர் சங்கத்துக்காரர்கள் பல வருஷம் கத்தித்தான் அதை அடைத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தார்கள். அதில் தோலுக்கானவையும் இருந்தன. சட்டம் இதுதான். கவுண்ட்டரில் நடப்பது வேறு.

வருகிறவர் சீட்டா கொண்டு வருவார்? வழித்து நசுக்கி, பல்பசை டியூபைச் சுருட்டுவதுபோல அடியிலிருந்து சுருட்டிய காலி டியூபைத்தான் மேஜையில் வைப்பார். "இதேதான் வேணும்." நான் தனி பூஞ்சை க்ரீமை எடுத்துக் கொடுத்தால் நாலாம் நாள் திரும்பி வருவார். "இது வேலை செய்யலை, அன்னைக்குக் கொடுத்ததையே கொடு." தனி மருந்து மெதுவாகத்தான் கேட்கும். ஸ்டீராய்டு கலந்தது ராத்திரிக்குள் ஊறலை நிறுத்தும். கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வார். முதலாளிக்கு அது தெரியும்.

நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், ஆள் சந்தோஷமாகத் திரும்பி வருகிறாரே. அவர் திரும்பி வருவதே நோய் போகாததால்தான் என்பது புரிய வருஷக்கணக்கு ஆனது.

7. மூலிகை_முருகேசன்

ஆங்கில மருந்து என்றாலே அமுக்கி வைப்பதுதான், அடியோடு போக்குவது கிடையாது என்று நாங்கள் சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். சீமை அகத்தி இலையைப் பறித்து, எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுங்கள். வண்டுகொல்லி என்று பெயரே இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் யார் தோல் டாக்டரிடம் போனார்கள்?

8. தோல்பிரிவு_பிஜி

@மூலிகை_முருகேசன் ஐயா, சீமை அகத்திக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு, ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு சின்ன வட்டம் புதிதாக வந்திருந்தால் கேட்கவும் கூடும். ஆனால் இவருக்கு முதுகு, இடுப்பு, தொடை, போதாததற்கு வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஏற்கெனவே நைந்த தோலில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் புண்ணாகும்.

தாத்தா காலத்துப் பூஞ்சையும் இது இல்லை. இந்தியாவில் இப்போது ஆட்டம் போடும் வகைக்கு 2020ல் ஜப்பான் ஆய்வாளர்கள் ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்பட ஒன்றும் இல்லை. இதில் பல டெர்பினஃபைனுக்கு அடங்குவதில்லை. அந்த மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதியின் மரபணுவிலேயே மாற்றம் வந்துவிட்டது.

இன்னொன்று. பெயர் ஒட்டாத டப்பாவில் "சுத்த மூலிகை" என்று விற்கும் களிம்பு இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரைச் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டு டப்பாவைச் சொல்கிறேன்.

9. மூலிகை_முருகேசன்

பஸ் ஸ்டாண்டு டப்பாவை நானும் ஆதரிக்கவில்லை. சேர்த்து எழுதாதீர்கள்.

10. செதில்ராணி (நாகர்கோவில்)

இந்த இழை ஸ்டீராய்டுதான் வில்லன் என்று முடிந்துவிடப் போகிறது, அதற்குள் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்குச் சொரியாசிஸ். பதினேழு வருஷம். சித்தத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். முதல் இரண்டு வருஷம் எனக்கும் படர்தாமரை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பூஞ்சை மருந்து வண்டி வண்டியாகப் பூசினேன். ஒரு நாள் வேறொரு டாக்டர் முழங்கையைப் பார்த்தார், பிறகு நகத்தைக் காட்டச் சொன்னார். தையல் விரலுறையில் இருக்குமே, அந்த மாதிரிக் குட்டிக் குட்டிக் குழிகள் என் நகத்தில் இருந்தன. நான் அதுவரை கவனித்ததே இல்லை. தலையில் காதுக்கு மேலே மயிருக்குள் செதில் இருப்பதையும் காட்டினார். நான் அதைப் பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாதாரணமாகத் தோலின் மேலடுக்கு புதிதாக உண்டாகி மேலே வந்து உதிர ஒரு மாதம் போல ஆகும். எனக்கு அது நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அடுக்கடுக்காக, அபிரகத் தகடு மாதிரி வெள்ளிச் செதில். காலையில் படுக்கையை உதறினால் தெரியும். கறுப்புச் சேலை கட்ட மாட்டேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலோடு தானே மல்லுக்கட்டுவதால் வருவது, ஒட்டாது. இதை என் நாத்தனாருக்குப் பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்குத் தனித் தம்ளர்தான்.

இப்போது விஷயம். கட்டிங்மாஸ்டரின் தொடையைக் கெடுத்த அதே க்ளோபெட்டசாலைத்தான் என் முழங்கைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். எனக்கு அது சரியான மருந்து. ஆனால் எத்தனை நாள், எவ்வளவு, எந்த இடம் என்று கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். முகத்திலும் அக்குளிலும் அதைத் தொடவே கூடாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மருந்தில் குற்றம் இல்லை. என்ன நோய் என்று பெயர் தெரியாமல் பூசியதுதான் குற்றம்.

அப்புறம் சொரியாசிஸுக்காக எனக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. எனக்குப் புதன்கிழமை. ஆரம்பத்தில் கடையில் கவர் மேலே "தினம் இரவு 1" என்று எழுதிவிட்டார்கள். நானும் நாலு நாள் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் வாய் முழுக்கப் புண், தண்ணீர் கூட இறங்கவில்லை. ரத்த அணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். உயிரே போயிருக்கும் என்றார்கள். இப்போது காலண்டரில் புதன்கிழமைகளைப் பேனாவால் சுழித்து வைக்கிறேன். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஈரலும் பரிசோதனை. யாருக்காவது இந்த மாத்திரை எழுதியிருந்தால், கடைக்காரர் கவரில் எழுதுவதை நம்பாமல் டாக்டர் சீட்டைப் படியுங்கள்.

முருகேசன் ஐயாவுக்கு: வெட்பாலைத் தைலமும் பூசுகிறேன். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், அழகாக இருக்கும். செதில் இளகும், எரிச்சல் குறையும். பனியன் முழுக்கக் கறை. ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திய வருஷம் மூட்டு வீங்கியது. சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும். விரல் மடக்க முடியாமல் சப்பாத்தி மாவு பிசைய அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட்ட காலம் உண்டு.

11. கவுண்ட்டருக்கு_உள்ளே

அக்கா, அந்தக் கவரில் எழுதியது நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். இன்று முதல் அந்த மாத்திரை வந்தால் கிழமையையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

12. அல்லி_அம்மா

என் மகளுக்கு எட்டு வயது. உதட்டோரத்தில் வெள்ளையாக ஒன்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் வெண்குஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கன்னத்திலும் மங்கலாக, தவிடு தூவியதுபோல் ஒன்று இருக்கிறது.

13. தோல்பிரிவு_பிஜி

@அல்லி_அம்மா முதலில் சாப்பிடுங்கள் அம்மா. அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். வெண்புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று தமிழக அரசே ஆணை போட்டிருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் ஓரிடத்தில் அழிவதால் வருவது அது. தொழுநோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தொட்டால் பரவாது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளியும் இல்லை. கன்னத்தில் மங்கலாகத் தவிடு மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வறண்ட தோலில் அப்படி வரும், எண்ணெய்ப்பசை கொடுத்தாலே போகப் போக நிறம் திரும்பும். பெரியவர்களுக்கு நெஞ்சிலும் முதுகிலும் வரும் தேமல் தனி. அது நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு ஈஸ்ட், வேர்வைக் காலத்தில் பெருகிவிடும். மருந்தில் ஈஸ்ட் செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். அதற்குள் "கேட்கவில்லை" என்று மருந்து மாற்றுவார்கள்.

உதட்டோரம் பால்வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். சீக்கிரம் காட்டினால் களிம்பும் ஒளி சிகிச்சையும் நன்றாகவே கேட்கும். தள்ளிப்போட வேண்டாம்.

தொழுநோய் பற்றி ஒன்று மட்டும், பயமுறுத்த இல்லை. தேமல் போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை என்றால் அதை யோசிக்க வேண்டும். அதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

14. நிலாமுற்றம்

என் தங்கை முகத்துக்கு ராத்திரி ஒரு க்ரீம் பூசுகிறாள். தோழி சொன்னது, முதல் மாதம் நல்ல பளபளப்பு. இப்போது இரண்டு வருஷம். வெயிலில் நின்றால் முகம் எரிகிறது, கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிகிறது, மேலுதட்டில் மயிர் வந்திருக்கிறது. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் மிளகாய் தேய்த்த மாதிரி ஆகிவிடுகிறது. இதுவும் அந்த ஸ்டீராய்டுதானா?

15. தோல்பிரிவு_பிஜி

டியூபைப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன், "-சோன்", "-சால்", "-லோன்" என்று முடியும் பெயர் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். (-சால் என்று முடிவதெல்லாம் ஸ்டீராய்டு இல்லை, அதனால் நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.) சில க்ரீம்களில் ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் இரண்டும் சேர்ந்திருக்கும். அது மங்குக்குக் குறுகிய காலம் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் போட வேண்டியது. கடையில் அது சிவப்பழகு க்ரீமாக மாறிவிட்டது.

2011ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவில் 12 மையங்களுக்கு முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரைக் கேட்டார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். உங்கள் தங்கை தனி ஆள் இல்லை.

கட்டிங்மாஸ்டரிடம் உடனே நிறுத்தச் சொன்னேன். உங்கள் தங்கையிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். முகத்தில் இரண்டு வருஷம் பூசியதை ஒரே நாளில் விட்டால் அந்த எரிச்சல் தாங்காமல் அவரே மறுபடி பூசிவிடுவார். எப்படிக் குறைப்பது, நடுவில் என்ன கொடுப்பது என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை வெயிலில் குடை.

16. விடுதி_நர்ஸ்

நடுவில் ஒரு வார்த்தை. ராத்திரியில்தான் ஊறல் அதிகம், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக, வீட்டில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் என்றால் அது படர்தாமரை இல்லை, சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. எங்கள் விடுதியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டு மூன்று முறை தோற்றோம். கடைசியில் அறுபது பேருக்கும் ஒரே ராத்திரி கழுத்திலிருந்து கால் வரை பெர்மெத்ரின் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசியதும்தான் ஓய்ந்தது. நகக்கண்ணை யாரும் மறந்துவிடாதீர்கள்.

17. கட்டிங்மாஸ்டர் (திருப்பூர்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அரசு ஆஸ்பத்திரிக்கே போனேன். எட்டு மணிக்குச் சீட்டு வாங்கி, உள்ளே கூப்பிடும்போது பதினொன்றரை. டாக்டரம்மா பார்த்தவுடன் "எத்தனை டியூப்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

லேபில் ஓரத்தில் உள்ள தடிப்பை மழுங்கின பிளேடால் சுரண்டினார்கள். தவிடு மாதிரி கொஞ்சம் கண்ணாடித் துண்டில் விழுந்தது. பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்கள். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, லேப் அக்கா என்னையும் பார்க்கச் சொன்னார். கலங்கின தண்ணீருக்குள் நூல் பிரிந்து கிடப்பது மாதிரி, நடுநடுவே முடிச்சுப் போட்டு, கிளை விட்டு ஓடியது. இருபது வருஷமாக நூலோடுதான் பிழைக்கிறேன், என் தோலுக்குள் இப்படி ஒன்று நெய்துகொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை.

மூன்று பேருக்கும் மருந்து. எனக்கு இட்ராகோனசோல் கேப்சூல், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போடச் சொன்னார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், இதயத்தில் ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். தனி பூஞ்சை க்ரீமை வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் தள்ளிப் பூச வேண்டுமாம். போய்விட்ட மாதிரி தெரிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. முதல் வாரம் ஊறல் அதிகமாகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், அதனால் தாங்கினேன். இல்லை என்றால் பன்னிரண்டாவது டியூபுக்கு ஓடியிருப்பேன்.

வீட்டில் பெரிய சண்டை அரைஞாண்கயிற்றால். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் இடுப்பிலும் இருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றச் சொன்னார். அது காயவே காயாது, அதிலேயே பூஞ்சை ஒட்டியிருக்கும் என்றார். பையன் இடுப்பில் கட்டியது அம்மா, குலதெய்வக் கோயிலில் மந்திரித்தது. கத்தரிக்கோலை எடுத்ததும் அம்மா அழுதுவிட்டார். என் வேலையே வெட்டுவதுதான், அந்த ஒரு கயிற்றை வெட்டக் கை நடுங்கியது.

துணிகளைத் தனித்தனியாகத் துவைக்கிறோம், உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் மடிப்பில் அழுத்தி இஸ்திரி போடுகிறேன். பனியன் கம்பெனிக்காரனுக்கு அது ஒன்றுதான் சுலபம்.

ஒரு கேள்வி. கேப்சூல் போட்டால் நெஞ்சு கரிக்கிறது. கூடவே கேஸ் மாத்திரை போடலாமா?

18. தோல்பிரிவு_பிஜி

போடாதீர்கள், நல்ல வேளையாகக் கேட்டீர்கள். அந்தக் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிடும், கேப்சூல் போட்டும் போடாத மாதிரி ஆகும். கரிப்பதை அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் வழி சொல்வார்.

19. செதில்ராணி (நாகர்கோவில்)

அம்மாவிடம் வெள்ளி அரைஞாண் வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள் தம்பி, குளித்ததும் துடைத்துவிடலாம். எல்லாம் குணமான பிறகு. மாமியார்களையும் அம்மாக்களையும் முறைத்துக்கொண்டு எந்தத் தோல் வியாதியையும் தீர்க்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

20. அல்லி_அம்மா

மகளைக் காட்டிவிட்டோம். கன்னத்தில் இருப்பது ஒன்றுமில்லை, வறட்சி. உதட்டோரம் இருப்பது வெண்புள்ளிதான். களிம்பு ஆரம்பித்திருக்கிறோம். அவள் பள்ளியில் கேட்டவர்களிடம் "இங்க மட்டும் கலர் தீர்ந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். நான்தான் இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன்.

21. கட்டிங்மாஸ்டர் (திருப்பூர்)

இரண்டரை மாதம் ஆயிற்று. மனைவிக்கும் பையனுக்கும் சுத்தமாகப் போய்விட்டது. எனக்கு முதுகும் இடுப்பும் சரி, தொடையில் கருமை மட்டும் இருக்கிறது. வரிகள் அப்படியேதான். மறுபடி சுரண்டிப் பார்த்து நூல் இல்லை என்றார்கள். இன்னும் இரண்டு வாரம் பூசச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளி அரைஞாணுக்கு அம்மா சீட்டுப் பணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் பக்கத்து டேபிள் ஆள், "அந்தப் பழைய டியூப் மிச்சம் இருந்தா கொடு மாஸ்டர்" என்று கேட்டார். பாதி டியூப் அலமாரியில் இருந்தது. கொடுக்கவில்லை. இந்த இழையைத்தான் அவர் போனுக்கு அனுப்பினேன், ஓ.பி. நேரமும் சொன்னேன். ரொம்ப நீளமாக இருக்கிறது என்றார்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவர் சட்டைப் பையில் புது டியூப் தெரிந்தது. திங்கட்கிழமை எனக்கு மறுபரிசோதனை. பைக்கில் பின்னால் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருக்கிறேன்.

22. கவுண்ட்டருக்கு_உள்ளே

எந்தக் கடையில் வாங்கினாராம்?

23. கட்டிங்மாஸ்டர் (திருப்பூர்)

நான் வாங்கின அதே கடையில்தான்.